எழுவைதீவு இல்லாத கடல்

புயல் வந்தால் எங்கள் தீவுப்பக்கம் கடல் எவ்வளவு ஏறும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. கணக்கைச் செய்யும் பெரிய கணினி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து நான் அதை இயக்க, படம் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் ஓடும். அதை முதன்முதலாக நேரடியாகக் காட்டிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுவைதீவிலிருக்கும் அம்மாவுக்கும் காணொளி அழைப்பின் இணைப்பை அனுப்பி, ஊரில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். அம்மா கோயில் மண்டபத்தில் பாதி ஊரையே கூட்டிவிட்டார். வந்தவர்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: தங்கள் வீட்டுக்குள் கடல் வருமா?

படம் சிக்காமல் ஓடியது. அலை அனலைதீவின் கரையில் ஏற, நீர் புகுந்த இடம் படத்தில் சிவந்தது. நயினாதீவும் தெரிந்தது. அம்மா மெதுவாகக் கேட்டார்.

"எங்கட ஊர் எங்கை பிள்ளை?"

எங்கள் ஊர் இல்லை. அந்த இடத்தில் அலை தடையில்லாமல் போய்வந்துகொண்டிருந்தது. கடலையும் தரையையும் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் பார்ப்போம். ஒரு கட்டத்தில் பாதிக்குமேல் நீரென்றால் முழுக்கட்டமும் கடல். படம் நின்று நின்று ஓடினால் வெளிநாட்டார் முன் மானம் போகுமென்று, கணக்குக் குறையக் கட்டங்களைப் பெரிதாக்கியவள் நான். அந்தத் தீவில் பிறந்தவளும் நான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானைக்குள் விழுந்த கதைதான்.

வெளிநாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் என் முகத்தைக் கண்டு விளங்கிக்கொண்டு, அது மிகச் சின்னத் தீவு, விடுபட்டாலும் முடிவு மாறாது என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அது என் கட்டுரையில் நானே எழுதிய வசனம்.

"என்னவாம்?" என்றார் அம்மா. அவருக்குப் பின்னால் அத்தனை முகங்கள்.

"லைன் சரியில்லையாம் அம்மா. அதுதான் வடிவாத் தெரியேல்லை."

அந்தப் பொய்யை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அம்மா திரும்பி அதைச் சனத்துக்குச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"ஓம் பிள்ளை, எங்கட பக்கத்து லைன் எப்பவும் இப்பிடித்தான். எங்களாலை உங்கட வேலை கெட்டுப்போச்சு. அவரைக் குறை நினைக்கவேண்டாமெண்டு சொல்லு."

நான் மொழிபெயர்ப்பேன் என்று பேராசிரியர் காத்திருந்தார். அம்மா நன்றி சொல்கிறார் என்றேன். அவர் சிரித்துக் கையசைத்தார். மண்டபத்திலிருந்த எல்லாரும் திரும்பக் கையசைத்தார்கள்.