சாலையில் நின்ற டில்சியின் வீடு

டில்சி கட்டிலில் சாய்ந்தபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மடியில் பலகை, பலகையில் தகரத் துருவி. முதுகுக்கு இரண்டு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. இடுப்பெலும்பு உடைந்தவள் அதற்கு மேல் நகரக் கூடாது என்று, கூடவே இருந்து அவளைப் பார்த்துக்கொண்ட நான் சொல்லியிருந்தேன். அவள் கைகள் மட்டும் நகர்ந்தன. ஒரு மூடி முடிந்தால் அடுத்ததற்குக் கை நீட்டுவாள்; நான் எடுத்துக் கொடுப்பேன்.

"லெட்டி, இது நேத்து விழுந்த காய். பால் வராது. வேற குடு."

"பெரிய அண்டாவுக்கு வேணுமேன்னு எடுத்தேன்."

"அண்டா பெருசுன்னா பால் கம்மியா இருக்கலாமா?"

அது வீடு இழுக்கிற அண்டா. எங்கள் தீவில் வீடுகள் கால்கள்மேல் நிற்கும் மரவீடுகள்தான். இடம் மாறவேண்டுமென்றால் வீட்டையே இழுத்துக்கொண்டு போவோம். அதற்கு யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கூலியும் இல்லை. வாசலில் அண்டாவை ஏற்றினால் போதும், புகையைப் பார்த்தவர்கள் வருவார்கள். அந்தச் சாப்பாட்டில் கை வைத்தவர் வடத்திலும் கை வைக்கவேண்டும். கூப்பிட்டு யாரும் வராமல் போனால் அவமானம். கூப்பிடாமலே யாரும் வராமல் போனால், அதைவிட.

டில்சியின் வீடு கடற்கரையில் இருந்தது. நிலம் அவள் கணவன் குடும்பத்துப் பொது நிலம். அமெரிக்காவில் டாம்பாவிலும் நியூ ஆர்லியன்சிலும் இருந்த பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஓட்டல்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். வீடு மட்டும் அவளுடையது. மாதக் கடைசிக்குள் அதை எடுத்துக்கொண்டால் அவளுக்கு, இல்லாவிட்டால் நிலத்தோடு ஓட்டலுக்கு. அந்த மாதத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் ஞாயிறன்று ஒரு ஆணிகூட அடிக்கமாட்டார்கள். ஆக, அன்றைய சனிக்கிழமைதான் இருந்தது.

ஓட்டலின் மேலாளர் இபார்ரா நல்ல பையன். தலைநகரத்துக்காரன், மரியாதை தெரிந்தவன், அம்மா என்பதற்கு ஸ்பானிஷில் 'சென்யோரா' என்பான். அதற்கு முந்தைய வாரம் பழக்கூடையோடு வந்திருந்தான்.

"வீடு இங்கேயே இருக்கட்டும் சென்யோரா. அழகா பெயின்ட் அடிச்சு மதுக்கடையா வெச்சுக்கறோம். உங்க பேரைப் போர்டுல போடறோம். 'மிஸ் டில்சி'ன்னு."

"நான் செத்துட்டேனா?"

"ஐயோ, இல்லை சென்யோரா."

"பின்ன எதுக்கு பேரு எழுதறே? அன்னாசிப்பழத்தை வெச்சுட்டுப் போ. நல்ல பழம்."

அந்த வீட்டில்தான் முதன்முதலில், கடலடியில் முங்கிப் பார்க்க வரும் டைவர்கள் தங்கினார்கள். அப்போது தீவில் விமானம் இறங்க இடமில்லை, மின்சாரமில்லை. வாழைக்காய் ஏற்றவந்த படகில் நாலு வெள்ளைக்காரர்கள் இரும்புச் சிலிண்டர்களோடு வந்து இறங்கி, எங்கே தூங்கலாம் என்று கேட்டார்கள். கணவன் இறால் படகில் போயிருந்தான். டில்சி அவர்களை மாடியில் படுக்கவைத்து, தேங்காய்ப்பால் ரொட்டி சுட்டுக்கொடுத்தாள். அடுத்த வருடம் அவர்கள் சிநேகிதர்களைக் கூட்டிவந்தார்கள். பிறகு அந்த வீடு ஓயவேயில்லை. ரப்பர் வாசனையும் ரொட்டி வாசனையும் கலந்து படிக்கட்டிலேயே வரவேற்கும். கொடியில் கறுப்பு ரப்பர் உடைகள் கைகால் தொங்கக் காய்ந்துகொண்டிருக்கும். புதிதாக வந்த போதகர் ஒரு மாலையில் அதைப் பார்த்து, யாரோ தூக்கில் தொங்குகிறார்கள் என்று மணியடித்து ஊரையே கூட்டிவிட்டார்.

டில்சி மட்டும் ஒருநாளும் கடலில் தலை முக்கியதில்லை. "மீன் என் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துச்சா? நான் ஏன் போகணும்?" என்பாள். ஆனால் இரவுச் சாப்பாட்டில் ஒவ்வொருவரும் கண்டதைச் சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது தட்டு கிடையாது. அப்படிக் கேட்டுக் கேட்டே பவளப்பாறை முழுவதும் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. "தெற்கு வளைவுக்குப் போயிட்டு அஞ்சாலை மீனைப் பாக்காம வந்தியா? கண்ணை மூடிட்டா முங்கினே?" என்று பெரிய பெரிய ஆட்களைத் திட்டுவாள். அவர்கள் மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

இதையெல்லாம் இப்போது நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது துணி துவைத்தே அவள் முதுகு போனது. அதையும் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை விடிந்ததும் ஹார்லன் வந்தான். டில்சியின் நாத்தனார் மகன், ஓட்டல் கட்டுமானத்தில் மேஸ்திரி. மஞ்சள் தொப்பியைக் கழற்றாமலே கட்டில் பக்கத்தில் நின்றான்.

"அத்தை, இன்னைக்கு ஒருத்தரும் வரமுடியாது. வேலை நாள். வராதவன் திங்கக்கிழமை வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"நான் யாரையாவது கூப்பிட்டேனா?"

"கூப்பிடலை."

"பின்ன எதுக்கு வரமுடியாதுன்னு சொல்ல வந்தே? போ, தொப்பி உருகிடப்போகுது."

வேலையிலிருந்து ஓய்ந்த கிழவர்கள் அந்த வாரம் முழுவதும் வந்து, வீட்டின் கால்களை அறுத்து, அடியில் நீளமான மரங்களைக் கொடுத்து, உருளைகளும் போட்டுவைத்திருந்தார்கள். இழுக்கத்தான் ஆளில்லை. முன்வாசலுக்கு எதிரே, சாலையைத் தாண்டி மலைச் சரிவில், கணவனின் இறால் காசில் வாங்கிய துண்டு நிலம் அவளுக்கு இருந்தது. கூப்பிடு தூரம்தான். ஆனால் வீடு நடந்து போகாதே.

வழக்கமாக வீட்டை இழுத்து முடித்தபிறகுதான் சாப்பாடு. டில்சி அதை மாற்றினாள்.

"அண்டா மத்தியானத்துக்கு இறங்கணும். இங்க வேண்டாம், கிழக்கு மூலைல வைங்க."

கிழக்கிலிருந்துதான் காற்று. மேற்கே கட்டுமானம். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே அடுப்பை மாற்றினார்கள். சங்குக்கறி, மரவள்ளி, வாழைக்காய், கெட்டித் தேங்காய்ப்பால். ஒன்றரை மாதமாகக் கம்பெனி கொடுக்கும் பீன்சையும் காய்ந்த சோள ரொட்டியையும் தின்றுகொண்டிருந்தவர்கள் அங்கே நூறு பேருக்குமேல்.

கட்டுமானத்தில் மத்தியானச் சங்கு ஊதியதும் முதலில் வந்தது கம்பி கட்டும் ஃபாவியோ, தீவுக்காரன் இல்லை, பெருநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவன். தட்டை நீட்டினான்.

டில்சி ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "அவன்கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டுப் போடு! தெரியாம தின்னுட்டேன்னு சொல்லக்கூடாது."

சொன்னோம். அவன் வீட்டை ஒருமுறை பார்த்தான், அண்டாவை ஒருமுறை பார்த்தான். "இன்னொரு கரண்டி போடுங்க, அப்ப ரெண்டு கையாலயும் இழுக்கறேன்" என்றான். அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது.

அவளைக் கட்டிலோடு இறக்கிவிட நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. கட்டிலைச் சுவரோடு கட்டி, இடுப்புக்கு இருபுறமும் தலையணைகளை அடைத்து, நானும் கூடவே உட்கார்ந்துகொண்டேன். வடம் இறுகியது. வீடு ஒருமுறை முனகிவிட்டு நகர்ந்தது. அலமாரிக் கோப்பைகள் கிலுகிலுத்தன. டில்சி கண்ணை மூடிக்கொண்டாள். வலியா என்று கேட்டேன்.

"சும்மா இரு. படகுல போறமாதிரி இருக்கு."

சாலையின் நடுவே வந்தபோது வேலைச் சங்கு ஊதியது. வடம் தளர்ந்தது. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேலையாட்களைக் கூப்பிட வந்து நின்ற ஹார்லன், முன் உருளைக்கு அடியில் எதையோ காலால் தள்ளினான். ஆப்பு. ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"மாட்டிக்கிச்சு!" என்று கத்தினான். "பின்னாலயும் போகாது."

சிமென்ட் லாரிகள் வந்து வரிசையாக நின்றன. அது ஒற்றைச் சாலை. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் கலவை இறுக ஆரம்பித்தால் லாரியே வீண். இபார்ரா வியர்த்து ஓடிவந்தான்.

"ஹார்லன், என்ன இது?"

"வீடு சார்."

"தெரியுது! எடுக்கச் சொல்லு!"

"இவங்க வேலைக்குப் போகணுமே சார். சங்கு ஊதியாச்சு. திங்கக்கிழமை வரவேண்டாம்னு சொல்லிட்டா?"

இபார்ரா வீட்டைப் பார்த்தான். ஜன்னலில் டில்சி அவனுக்குக் கையசைத்தாள். "யாரும் போகவேண்டாம். இழுங்க, எல்லாரும் இழுங்க!" என்றான். முன்னால் நின்ற லாரியின் சங்கிலியையும் மாட்டச் சொன்னான். கடைசியில் சட்டைக் கையை மடித்துவிட்டு அவனும் வடத்தைப் பிடித்தான். சாப்பிடாமல் இழுத்த ஒரே ஆள் அவன்தான். டில்சி அவனுக்கென்று ஒரு தட்டு எடுத்துவைக்கச் சொன்னாள்.

ஹார்லன் ஆப்பைக் காலாலேயே தட்டிவிட, வீடு சாலையைத் தாண்டி டில்சியின் நிலத்தில் ஏறியது. திருப்பிவைக்க நேரமில்லை. வந்தவாக்கிலேயே இறக்கினார்கள். அதனால் முன்வாசல் மலையைப் பார்த்தது, சமையலறை சாலையைப் பார்த்தது. ஊரில் வேறு எந்த வீடும் அப்படி முதுகைக் காட்டி நின்றதில்லை. அவள் சாகும்வரை அப்படித்தான் இருந்தது. மாடியில் பிற்பாடு கம்பி கட்டுகிறவர்கள் வாடகைக்கு இருந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. வெந்நீர் போட்டு அவளுக்கு உடம்பு துடைத்தேன். முதுகு சிவந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கட்டிலைச் சமையலறைக்கு இழுத்து ஜன்னல் ஓரமாகப் போட்டேன். சமையலறை வாசல் தரையிலிருந்து உயரத்தில் நின்றது, படியில்லை. ஹார்லன் சர்ச்சுக்குப் போட்ட சட்டையோடு வந்து, ஆணி அடிக்கக் கூடாத நாள் என்பதால், கற்களைச் சுமந்துவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். டில்சி உள்ளிருந்தே இடது பக்கம் ஆடுகிறது என்றாள். அவன் ஒரு கல்லை எடுத்து மாற்றிவைத்தான்.