பூசையறைச் சொம்பில் கிடைத்த அமீபா

எங்கள் வீட்டுப் பூசையறையில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. கழுத்துக்குக் கீழே சின்ன நசுங்கல். என் கல்யாணச் சீரில் வந்தது. ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் போய் அதில் காவேரித் தண்ணீர் மொண்டு வருவது எங்கள் வழக்கம். நாமக்கல்லுக்குப் பக்கத்திலேயே காவேரி ஓடினாலும், மேச்சேரியில் பிறந்த என் மாமியாருக்கு மேட்டூர்த் தண்ணீர்தான் தண்ணீர். அது அடுத்த ஆடி வரை சாமி படங்களுக்கு முன்னால் இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் தண்ணீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, மறுபடி ஊற்றி வைப்பது மூத்த மருமகளான என் பொறுப்பு. ஒரு வருடம் நான் அதைச் செய்யவில்லை. அதனால்தான் தன் ஆராய்ச்சியே பிறந்தது என்று என் ஓரகத்தி மேடைக்கு மேடை சொல்கிறாள். கூட்டம் சிரிக்கும். எனக்கு வயிறு பற்றி எரியும்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனின் மனைவி. அதற்கு முன்பே அவள் எங்கள் ஆய்வகத்துக்கு வேலைக்கு வந்தவள். எனக்கு அடுத்த மேசை. "நல்ல பொண்ணுங்க அத்தை, நம்ம தம்பிக்குக் கேட்டுப் பாக்கலாங்க" என்று மாமியாரிடம் சொன்னதே நான்தான். என் வினையை நானே கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டி வந்தேன், வேறென்ன!

எங்கள் ஊரில் கோழிக்குச் சளி பிடித்தால் பாதி ஊருக்குத் தூக்கம் போய்விடும். என் ஆராய்ச்சியும் கோழியைப் பற்றியதுதான். உடம்புக்குள் வரும் கிருமியை விழுங்கிச் செரித்துவிடும் காவல் செல்கள் கோழி ரத்தத்தில் உண்டு. சில வைரஸ்கள் அவற்றையே ஏமாற்றிவிடும். விழுங்கக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ச் செரிக்காமல் குடித்தனம் நடத்தும். அது எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக நான் ரத்தம் எடுத்து, செல்களைப் பிரித்து, தட்டில் வளர்ப்பேன். கைக்குழந்தைகூட அந்தப் பாடு படுத்தாது. கரண்ட் போனால் சாகும், சூடு கொஞ்சம் ஏறினால் சாகும், காரணமே இல்லாமலும் சாகும். செத்தவற்றைக் கொட்டிவிட்டு மறுபடி கோழியிடம் போய் நிற்பேன். அந்த அலைச்சலில்தான் சொம்பை மறந்தேன்.

அந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் பூசையறையைத் துடைக்கப் போனவள், சொம்புக்குள் விரலை விட்டு, அடியில் படிந்திருந்த பச்சை வழவழப்பை வழித்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "அக்கா, இதைக் கொட்டீராதீங்க. நான் லேபுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றாள். மாமியார் பதறிவிட்டார். "ஏஞ்சாமி, சாமித் தண்ணியை எங்க கொண்டுபோறே?" என்றார். "சாமிகிட்ட உத்தரவு வாங்கிட்டேனுங்க அத்தை" என்று சிரித்தாளே பார்க்கலாம்! நான் கழுவாமல் விட்ட பாத்திரத்தைப் பார்த்து அவள் சிரிக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த வழவழப்பில் அமீபா இருந்தது. செத்த பாக்டீரியாவைத் தட்டில் தடவி வைத்தால் போதும், தின்று பெருகிக்கொண்டே போயிற்று. அது தின்பதை முதன்முதலில் நுண்ணோக்கியில் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையை நீட்டுவதுபோல் உடம்பை நீட்டி, இரையைச் சுற்றி வளைத்து, ஒரு பைக்குள் இழுத்துப் போட்டு, அந்தப் பையை அமிலத்தால் புளிக்க வைத்துச் செரிக்கிறது. என் கோழிச் செல் செய்வதும் அச்சு அசலாக இதையேதான். அமீபாவைத் தாக்குகிற பெரிய வைரஸ் ஒன்றையும் அவள் வேறோர் ஆய்வகத்திலிருந்து வரவழைத்தாள். ரத்தம் வேண்டாம், கோழி வேண்டாம். பசித்தால் அமீபா ஒரு ஓட்டுக்குள் சுருண்டு கிடக்கும், தீனி வைத்தால் எழுந்து வரும். நான் செத்த தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவள் நேரத்துக்குச் சாப்பிடப் போவாள், தலையில் மல்லிகைப்பூ வாடாமல் வீட்டுக்குத் திரும்புவாள். அந்தப் பூவைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை.

சீக்கிரமே ஒன்றைக் கண்டுபிடித்தாள். பைக்குள் புளிப்பைக் குறைத்துவிட்டால் வைரஸ் திறந்துகொள்வதில்லை, பூட்டிய பெட்டி மாதிரி சும்மா கிடக்கிறது. எங்கள் துறைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. கோழிச் செல்லிலும் அப்படியே நடந்தால், இனி ரத்தமெல்லாம் எதற்கு, அமீபாவையே வைத்துக்கொள்ளலாம், செல் வளர்ப்பு அறையை மூடிவிடலாம் என்று என் முன்னாலேயே சொன்னார். அந்த அறை என்னுடையது. என் வயதில் இன்னொரு வேலையைப் புதிதாகத் தொடங்குவது எளிதா?

சோதித்துப் பார்க்க வேண்டியவளும் நானே. "ஏனுங்கக்கா, உங்க செல்லுல இப்படித்தான் நடக்குதான்னு பாத்துச் சொல்றீங்களா? உங்க கைதான் எனக்கு நம்பிக்கை" என்று வந்து நின்றாள். வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று காலை பூசையறையில், அந்தச் சொம்புக்கு முன்னால் நின்று, இது பலிக்கக் கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

பலிக்கவில்லை. புளிப்பைக் குறைத்த பிறகும் கோழி வைரஸ் ஜாம்ஜாமென்று என் செல்லுக்குள் திறந்துகொண்டது. மறுபடி செய்தேன், அதேதான். என் அறை பிழைத்தது! வராத வருத்தத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். "அட அக்கா! அப்ப இவனுக்கு வேற கதவு இருக்குதுங்க!" என்று கத்தியபடி என்னைக் கட்டிக்கொண்டாள். பூ என் கன்னத்தில் உரசியது. அமீபா எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டும், என் செல் அது சரியான கதவுதானா என்று சொல்லும், இரண்டும் வேண்டும் என்று துறைத் தலைவரிடம் அவளே போய்ப் பேசினாள். கட்டுரையில் இருவர் பெயரும் வந்தது. ஜெயித்தவள் நான். அவளோ தோற்றதையே பண்டிகையாக்கிவிட்டாள். வேலையில் அவள் என்னை முந்தியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சமும் பொறாமை வராததைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

இப்போது அவள் கொழுந்தனோடு பெங்களூரில், பெரிய ஆய்வகத்தில் இருக்கிறாள். இந்த ஆடிக்கு வர முடியவில்லை. நான்தான் மேட்டூர் போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன். போன வாரம் போனில் கேட்டாள், "சொம்பைக் கழுவிட்டீங்களாக்கா?"

"ஊம், பளபளன்னு இருக்குது" என்றேன்.

ஆடியிலிருந்து அதை நான் கழுவவே இல்லை. "ஏம்மிணி, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று மாமியார் வெள்ளிக்கிழமை தோறும் திட்டுகிறார். போனை வைத்த கையோடு சொம்புக்குள் விரலை விட்டு வழித்தேன். ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், செத்த பாக்டீரியா தடவிய தட்டில் வைத்தேன். இன்று காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, தட்டின் ஓரத்தில் ஒன்று மெதுவாக உடம்பை நீட்டி நகர்ந்துகொண்டிருந்தது. என்னை அறியாமல் "அட!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசையில் யாரும் இல்லை. அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.