மாறுதல் வரும் வரை ஒரு பொழுது

மதிய மணி அடித்ததும் எங்கள் கல்லூரியில் மாணவர்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு சாரார் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறப்பார்கள். இன்னொரு சாரார் நடப்பார்கள். வாசல் கேட் வரை போவார்கள், திரும்பி வருவார்கள். குழாயடியில் நின்று நெடுநேரம் தண்ணீர் குடிப்பார்கள். பிறகு அறிவிப்புப் பலகைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அந்தப் பலகையில் ஒட்டும் தாள்களை எழுதுகிறவன் நான். நானே அவற்றை அவ்வளவு ஊன்றிப் படித்ததில்லை.

அலுவலகக் கண்காணிப்பாளரான என் மேசை ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. காற்றுக்காக அப்படிப் போட்டிருந்தார்கள். மின்விசிறி முதல்வர் அறையில் இருந்தது. அதனால் நடக்கிறவர்கள் எல்லோரும் என் இலைக்கு நேர் எதிரே நடந்தார்கள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன். முதுகில் அவர்கள் நடப்பது தெரிந்தது. சில நாட்களில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நானும் அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவேன். பியூன் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பான்.

எழுபதுகளின் கடைசி. ஊருக்கு வெளியே கரிசல் காட்டை ஒட்டிய அரசுக் கல்லூரி. ஏழை மாணவனுக்கு உதவி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு ஒரு விண்ணப்பம். உதவித்தொகை உண்டு, அது பெரும்பாலும் தேர்வு முடிந்து பையன் ஊருக்குப் போன பிறகு வந்து சேரும். ஊருக்குள் ஆண்களுக்கு ஒரு விடுதி உண்டு. பெண்களுக்கு இல்லை, ஏனென்றால் கேட்கப் பெண்கள் போதவில்லை. பெண்கள் போதாததற்குக் காரணம் விடுதி இல்லாதது. இந்தக் கோப்பை நான் பல முறை மேலே அனுப்பி, பல முறை கீழே வாங்கியிருக்கிறேன். பசி மட்டும் எந்தக் கணக்குத் தலைப்பிலும் வரவில்லை.

அந்த ஆண்டு வந்த புதிய முதல்வருக்குப் பசியை ஒழிக்க வேண்டும் என்று தோன்றியது. நல்ல மனிதர்தான். ஆசிரியர்களிடமும் ஊரில் ஒரு அரிசி ஆலைக்காரரிடமும் பேசி இலவச மதிய உணவுக்கு ஏற்பாடு செய்தார். மாணவர் நலக் குழு ஒன்று அமைந்தது. அவர் தலைவர், மாணவிகளுக்குப் பொறுப்பாக இருந்த விலங்கியல் விரிவுரையாளர் அம்மாள் உறுப்பினர், நடவடிக்கைக் குறிப்பு எழுத நான். சாப்பிட விரும்புகிறவர் விண்ணப்பிக்க வேண்டும். கிராம முன்சீப் கையெழுத்து வேண்டும். தேர்வானவர் பெயர் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில் பந்தி. சோறு தயாரானதும் தனியாக ஒரு மணி அடிக்கப்படும்.

அந்த இரண்டாவது மணிதான் திட்டத்தைக் கொன்றது. அது அடித்ததும் வேப்ப மரத்தடியில் இருக்கிற கல்லூரி மொத்தமும் தலையைத் தூக்கி, யார் எழுந்து போகிறார்கள் என்று பார்க்கும். ஒரு வாரத்தில் கூட்டம் பாதியானது. இரண்டாவது மணி வேண்டாமே என்று முதல்வரிடம் சொன்னேன். மணி அடிக்காவிட்டால் சோறு வெந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் ஒருநாளும் பசியோடு இருந்ததில்லை என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று.

நடக்கிறவர்களில் ஒரு பெண் இருந்தாள். இரண்டாம் ஆண்டு வேதியியல். குருவிகுளம் தாண்டி மானாவாரிக் காட்டில் ஒரு ஊர். விடிவதற்கு முன்னால் கிளம்பி, நடந்து வந்து, பஸ் பிடிக்க வேண்டும். தாயார் களை எடுக்கப் போகிறவர். அந்த வீட்டில் உலை ஏறுவது இரவில் மட்டும். இதெல்லாம் அவள் சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல. சலுகை விண்ணப்பங்களை இருபது வருடம் படித்தவனுக்கு ஊர், தொழில் என்று இரண்டு வரி போதும்.

மற்றவர்கள் நடப்பதற்குக் காரணம் சொல்வதில்லை. அவள் சொன்னாள். விரதம் என்றாள். கூடப் படிக்கும் பெண்கள் கூப்பிட்டால், இன்றைக்கு ஒரு பொழுது, ராத்திரிதான் சாப்பாடு என்பாள். முதலில் நம்பினார்கள். பிறகு மரத்தடியில் ஒருத்தி கேட்டது என் ஜன்னல் வரை கேட்டது.

"ஏட்டி, எங்களுக்கெல்லாம் ஒரு சாமி. உனக்கு மட்டும் எத்தனை சாமிட்டி?"

பையன்கள் அவளுக்குச் சாமியாரம்மா என்று பெயர் வைத்தார்கள். விலங்கியல் அம்மாளோ அவளைப் பார்க்கும்போதெல்லாம் உருகினார். அந்த அம்மாளுக்குக் குடும்பம் பாளையங்கோட்டையில். இங்கே கோயில் பக்கம் ஒரு வீட்டில் தனியாகத் தங்கி, தானே சமைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தோறும் கோமதி அம்மன் சந்நிதியில் மாறுதல் கேட்டுக்கொண்டிருந்தார். மாறுதலுக்கு வேண்டிக்கொள்ளாத ஆசிரியர் அரசுக் கல்லூரியில் கிடையாது. இவர் வேண்டுதல் கொஞ்சம் கூடுதல்.

ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெண் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். வேதியியல் ஆசிரியர் அவள் பெயரை நலக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார். குழுவில் பெயரைப் படித்தேன். விலங்கியல் அம்மாள் பதறிப்போனார்.

"அந்தப் பிள்ளையையா? அது அம்மனுக்கு விரதம் இருக்கு சார். அதைப் போய்ச் சாப்பிடக் கூப்பிடுதது பாவம்லா. பேரை எடுத்திருங்க."

முதல்வர் கைகூப்பினார். பெயர் எடுக்கப்பட்டது. ஒரு பட்டினிக்காரியை மரியாதை காரணமாகச் சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கிய குழு தமிழ்நாட்டில் வேறு எங்கும் இருந்திருக்காது. குறிப்பில் "சமய அனுஷ்டானம் கருதி" என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு அவள் மதியத்துக்கு மேல் நிற்பதில்லை. மறுபடியும் மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயம். மணி அடித்ததும் நடக்க ஆரம்பிப்பவள் அப்படியே கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடுவாள். ஆய்வுக்கூட வகுப்புகள் எல்லாம் மதியத்துக்கு மேல்தான். வருகைப் பதிவு என் மேசைக்கு வந்தது. இப்படியே போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள். மருத்துவச் சான்று கொடுத்தால் மன்னிக்க விதி உண்டு. விரதத்துக்கு விதி இல்லை. தேர்வு போனால் அடுத்த ஆண்டு அந்த வீட்டிலிருந்து அவள் களை எடுக்கத்தான் போவாள். கல்லூரிக்கு வரமாட்டாள்.

அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். வருகை குறைவைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். எதனால் என்றேன்.

"விரதம் சார்."

"எந்தெந்தக் கிழமை?"

ஒரே கோயிலில் சிவனும் பெருமாளும் அம்மனும் இருக்கிற ஊரில் கிழமைக்குப் பஞ்சமில்லை. திங்கட்கிழமை சங்கரலிங்க சாமிக்கு என்றாள். செவ்வாயும் வெள்ளியும் கோமதி அம்மனுக்கு. வியாழன் குருவுக்கு. நன்றாக மனப்பாடம் செய்த பாடத்தைப் போலச் சொன்னாள்.

"புதன்?"

ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"புதன் பழகிட்டு சார்."

கொட்டகையில் போய்ச் சாப்பிடு என்று சொல்லியிருக்கலாம். அவள் போகமாட்டாள். இத்தனை பேர் பார்க்க விரதம் இருந்தவள், இரண்டாவது மணிக்கு எழுந்து தட்டைத் தூக்கினால், அத்தனையும் பொய் என்று அவளே மணி அடித்துச் சொன்னதாகிவிடும். பசிக்குச் சாக்காகச் சொன்னது இப்போது பசியை விடப் பெரிதாகிவிட்டது. அம்மனின் ஆடித் தபசுத் திருவிழா இனிமேல்தான் வருவதாக இருந்தாலாவது அதோடு விரதம் முடிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். தபசு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. எந்தக் கோப்பை எடுத்தாலும் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். எந்த விதியையும் வளைக்காமல் அதன் வழியாக ஒரு யானையை நடத்திக் கொண்டுபோகத் தெரிந்தவன் என்று எனக்கு அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு. ஒரு பெண்ணுக்கு ஒரு வேளைச் சோறு கொடுக்க வழி தெரியவில்லை.

மூன்றாம் நாள் விலங்கியல் அம்மாள் தன் மாறுதல் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வந்தார். மாதம் இரண்டு முறை கேட்பார். மேலே போயிருக்கிறது என்றேன். இந்த வெள்ளிக்கிழமையும் மாவிளக்குப் போடப்போவதாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது.

"மாவிளக்கு எல்லாரும் போடுதாங்க மேடம். அதுக்கெல்லாம் சீனியாரிட்டிப்படிதான் வரும்."

"அப்போ என்னதான் செய்யணும்ங்கிய?"

"ஒரு பொழுது இருக்கிற கன்னிப்பிள்ளைக்கு அந்த ஒரு பொழுதுச் சாப்பாட்டை நீங்க போட்டுப் பாருங்க. மாறுதல் வாரவரைக்கும்."

ஒரு பொழுதைப் பகலில் சாப்பிடுவதுதானே முறை, ராத்திரி என்று யார் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு, வெங்காயம் பூண்டு சேர்க்கக் கூடாது என்றார். அதைச் சொன்னபோதே காரியம் முடிந்துவிட்டது.

ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் அவர் கேட்ட இடத்தில் இருந்தவர் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தது. அதற்கு முன்னால் எந்தச் சாமியும் அந்த நாற்காலியைக் காலி செய்ய வழியில்லை. அந்தப் பெண்ணின் படிப்பு முடியவும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் வேண்டும். நான் எதையும் தாமதப்படுத்தவில்லை. அதற்கு அவசியமே இல்லை. அரசாங்கம் அதைத் தானாகவே செய்துகொள்ளும்.

பெண் முதலில் மறுத்தாளாம். அடுத்தவர் நேர்ச்சையை மறுத்தால் அந்தப் பாவம் உனக்குத்தான் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். இவ்வளவு பக்தியாகப் பெயர் எடுத்தவள் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? மறுநாளிலிருந்து மதிய மணி அடித்ததும் அவள் ஆசிரியைகளின் ஓய்வறைக்குப் போனாள். விரதச் சாப்பாடு என்பதால் பருப்பும் நெய்யும் கெட்டித் தயிருமாக இருந்தது. வேப்ப மரத்தடியில் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் வீட்டு நேர்த்திக்கடனுக்குச் சாமியாரம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பையன்கள் கொஞ்சம் மரியாதையாகவே பேசிக்கொண்டார்கள். இரண்டு மணிக்கு அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போவது என் ஜன்னலில் தெரிந்தது. வருகைப் பதிவு மெல்ல மேலேறியது. இரண்டாம் ஆண்டுத் தேர்வை எழுதினாள்.

மூன்றாம் ஆண்டு, செய்முறைத் தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, நான் போட்ட கணக்கு தவறியது. பாளையங்கோட்டை ஆசாமி உடம்புக்கு முடியாமல் முன்கூட்டியே ஓய்வு கேட்டுவிட்டார். அந்த அம்மாளுக்கு மாறுதல் உத்தரவு வந்தது. உடனே போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். கேட்கிறவர்கள் வரிசையில் நின்றார்கள். நேர்ச்சை நிறைவேறிவிட்டது. நேர்ச்சை முடிந்தால் சோறும் முடிந்தது.

உத்தரவை அவரிடம் கொடுத்தபோது நான்தான் அமைதியில்லாமல் இருந்தேன். அவர் அதைப் படித்தார், மடித்தார், திரும்பப் பிரித்துப் படித்தார். ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே இரண்டு மூன்று முறை நடந்தார்.

"மாத்து ஆள் வாராம என்னைய விடுவிக்க முடியாதுன்னு முதல்வர் எழுதலாம்லா சார்?"

எழுதலாம், விதி இருக்கிறது என்றேன். இடம் போய்விடலாம் என்பதையும் சொன்னேன்.

"போனா போகுது. செய்முறைத் தேர்வு முடியட்டும்."

நேர்ச்சைதான் நிறைவேறிவிட்டதே, மேற்கொண்டு போட வேண்டிய அவசியம் இல்லையே என்று வேண்டுமென்றே கேட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், ஒன்றரை வருடமாக இந்த அறையில் விவரம் தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும் அல்ல என்று புரிந்தது.

"மொத நாளே தெரியும் சார். விரதக்காரி இலையப் பார்த்தாக் கும்பிடுவா. இவ, ஜன்னலைச் சாத்தட்டுமா மேடம்னு கேட்டா."

கடிதத்தை நானே எழுதி முதல்வரின் கையெழுத்தை வாங்கினேன். பாளையங்கோட்டையிலிருந்து நினைவூட்டல் வந்தது; பதில் எழுதினேன். இன்னொன்று வந்தது, அதற்கும் எழுதினேன். ஒரு விரிவுரையாளரை ஏன் விடுவிக்க முடியவில்லை என்பதற்கு என் வாழ்நாளிலேயே சிறந்த உரைநடை அந்த வாரங்களில்தான் வந்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு தபாலுக்கும் என் மேசைக்கு வந்து நின்றார். இடம் போய்விட்டதா என்று கேட்பார். இன்னும் இல்லை என்பேன். திரும்பிப் போய்ச் சோறு போடுவார். கடைசிச் செய்முறைத் தேர்வு முடிந்த மாலையே திருநெல்வேலி பஸ் ஏறினார். இடம் தப்பியது. எப்படி என்று எனக்குத் தெரியும். பாளையங்கோட்டை அலுவலகத்திலும் என்னைப் போல ஒருவர் இருந்தார்.

தேர்வு முடிவு வந்த பிறகு அந்தப் பெண் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலைக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். வந்த நேரம் மதியம். மணி அடித்துவிட்டது. என் டிபன் பாக்ஸ் மேசையில் இருந்தது. உட்காரு, கொஞ்சம் சாப்பிடு என்றேன்.

"சாப்பிட்டுட்டுத்தான் வாரேன் சார்."

அன்று புதன்கிழமை. நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. சான்றிதழைக் கொடுத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனாள். சாப்பிடாமல் எழுந்து ஜன்னலுக்குப் போய், அவள் மைதானத்தைக் கடப்பதைப் பார்த்தேன். அறிவிப்புப் பலகை பக்கம் திரும்பவில்லை. குழாயடியில் நிற்கவில்லை. நேராகக் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

குழாயடியில் வேறு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.