மூக்கு சார் வீட்டு நாற்றம்

முப்பத்திரண்டு வருஷம் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவர் அவர். சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டுக் கடைகளின் அடுப்படிக்குள் நுழைவார். ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். எண்ணெய் நேற்றையதா, போன வாரத்ததா என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பேர் மூக்கு சார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே அந்தப் பேர் அவருக்கு முன்னால் கடை கடையாக ஓடும்.

அவர் பார்த்ததும் கொஞ்சநஞ்சம் இல்லை. மாவு மூட்டைக்குள் குட்டி போட்டிருந்த எலி. பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே காலைக் கழுவிக்கொண்டிருந்த சமையல்காரர். நாலு நாள் ஆன இறைச்சியை மசாலாவில் புரட்டி மறைத்து வைத்துவிட்டு, "இன்னைக்கு வந்தது சார்" என்று கூசாமல் சொன்ன முதலாளி. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அவருக்கு மனுஷர்களையே பிடிக்காமல் போனது. யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார். விருந்துக்குப் போனால் பரிமாறுகிறவரின் நகத்தைப் பார்ப்பார். பிறகு தண்ணீர்கூட இறங்காது. மனைவி சமைத்தால் மட்டும் சாப்பிடுவார்.

அந்த மனைவி வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் நாலு பேர் வந்துபோனார்கள். அவருக்கு எழுபத்தோரு வயதாகும்போது அவள் இறந்தாள். இரண்டு மாதத்தில் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அவர்கள் அவளைப் பார்க்க வந்தவர்கள். இவருடைய சுளித்த முகத்தைப் பார்க்க யாருக்கு என்ன தலையெழுத்து?

மகன் விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் கூப்பிடுவான்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு."

"உடம்பு?"

"நல்லா இருக்கேன்."

மூணு நிமிஷம். அவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைச் சுவர் தெரியும். வீட்டில் சுத்தமாக மிச்சமிருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான் என்பது மகனுக்குத் தெரியாது.

முதல் சில மாதம் அவரே சமைத்தார். ஒரு ஆளுக்காக அடுப்பைப் பற்றவைப்பது அலுத்துப்போனது. ரொட்டி, பிஸ்கட் என்று ஆனது. முழங்கால் வலியில் மூணு மாடி இறங்கிக் குப்பை போடுவது வாரம் ஒருமுறை ஆகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. குப்பைப் பைகள் பால்கனியில் சேர்ந்தன. அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து, காய்ந்து, தரையோடு ஒட்டிக்கொண்டது. குளிப்பதும் நாலு நாளைக்கு ஒருதரம் என்று ஆனது. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

அந்தக் கட்டடத்தில் எட்டு வீடுகள். நாற்றம் எட்டு வீட்டுக்கும் போனது. எதிர்வீட்டம்மா தன் வாசலில் வாசனைத் திரவம் அடித்தாள். கீழ்வீட்டுக்காரர் படியேறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். யாரோ அவர் கதவில், 'துர்நாற்றம் வருகிறது, உடனே சரிசெய்யவும்' என்று தட்டச்சு செய்து ஒட்டினார்கள். தாளை ஒட்டத் தெரிந்த அந்தக் கைக்குக் கதவைத் தட்டத் தெரியவில்லை. உள்ளே எழுபது தாண்டிய ஒரு ஆள் தனியாக இருப்பது அத்தனை பேருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் அந்தக் குப்பையைவிட இதுதான் குமட்டுகிறது.

கடைசியில் கதவைத் தட்டியது எதிர்ச்சாரியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பெண். அவள் கடைக்கு அவர் இரண்டு தரம் சீல் வைத்திருக்கிறார். நாலாம் மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், மூணாம் மாடியில் அப்படியே நின்றுவிட்டாள். ஆள் செத்துக் கிடக்கிறாரோ என்று பயந்து, உள்ளங்கையால் கதவை அடி அடியென்று அடித்தாள்.

அவர் திறந்தார். பனியனில் என்ன கறை என்று சொல்ல முடியாத கறை. நகத்துக்குள் கறுப்பு.

"உசுரோடதான் இருக்கீங்களா? என்ன சார் இது நாத்தம்?"

"என்ன நாத்தம்? எனக்கு ஒண்ணும் வரலையே."

அவள் மூக்கைப் பொத்திய கையை எடுக்காமலே சொன்னாள். "பழகிப்போச்சு, அதான் வரலை. என் அடுப்படியில நின்னு நீங்கதான் சார் எனக்கு இதைச் சொன்னீங்க."

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறை விளக்கைப் போட்டு, குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். பொங்கிய சோறு போல வெள்ளையாக ஏதோ நிறைந்திருந்தது. உற்றுப் பார்த்தால் அது அசைந்தது.

பின்னாலேயே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்தச் சுளிப்பை அவர் நன்றாக அறிவார். இத்தனை வருஷம் ஊரார் அடுப்படிகளில் தானே சுமந்து திரிந்த முகம். அது இன்று தன் வீட்டைப் பார்த்து, தன்னைப் பார்த்துச் சுளித்தது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி வாந்தி எடுத்தார். வயிற்றில் பிஸ்கட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

"எனக்கு உங்க மேல பாசம் ஒண்ணும் கிடையாது" என்றாள் கடைக்காரம்மா. "எட்டு நாள் கடையை இழுத்து மூட வெச்ச ஆளு நீங்க. ஆனா புழு மேயற எடத்துல ஒரு மனுஷன் உக்காந்து தின்னுட்டு இருக்கறதைப் பாத்துட்டு என்னால பேசாம எறங்கிப் போக முடியாது."

மறுநாள் காலை, கடையில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மூணு பேருமாக மத்தியானம் வரை சுரண்டினார்கள், கழுவினார்கள். அவரைச் சும்மா உட்காரவிடவில்லை. பால்கனித் தரையை அவர்தான் தேய்த்தார், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. போகும்போது அவள் சொன்னாள்:

"தினம் ஒரு மணிக்குக் கடைக்கு வாங்க. வரலைன்னா நான் ஏறி வருவேன். என் வாய் நல்ல வாய் இல்ல."

அந்த வாய்க்குப் பயந்துதான் முதலில் போனார். ஓரத்து மேசையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தினமும் சாப்பிடுவார். சாப்பிடும் முன் பல்செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளர் பக்கத்தில் வைத்துவிடுவார். ஈரமாக, நூல் நூலாக எச்சிலோடு. முதல் நாள் இவர் பாதியில் எழுந்துவிட்டார்.

"ஏன் சார் ஓடுறீங்க? கடிக்கிற பல்லை வாயில வெச்சிருந்தாத்தானே பயப்படணும்" என்றார் கண்டக்டர்.

இரண்டாம் நாளும் போனார். மேசை துடைக்கிற துணியைப் பற்றி ஒரு சண்டை போட்டார். கடைக்காரம்மா திருப்பி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். ஆனால் மறுநாள் துணி புதிது. அவர் வாரத்துக்கு ஒரு குற்றம் கண்டுபிடித்தார். அதற்காகவே குளித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்.

ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கையில் சாப்பாட்டு அடுக்கோடு, மூணு மாடி ஏறிய மூச்சிரைப்போடு கண்டக்டர் நின்றார்.

"வரலைன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? செத்தீங்களா இருக்கீங்களான்னு நாங்க என்னத்தைக் கண்டோம்?"

வீட்டுக்குள் வந்து அப்படிக் கத்த அவருக்கென்று ஒரு ஆள் இருந்து மூணு வருஷம் ஆகியிருந்தது. அவர் திரும்பிப் போய்ப் படுத்து, போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

எட்டு மாதத்தில் ஏழு கிலோ ஏறினார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்ததைப் பார்த்த டாக்டர், "மருந்தை நான் மாத்தலையே, நீங்க என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார்.

அடுத்த வருஷம் மகன் வந்தான், வழவழ தாளில் அச்சிட்ட ஒரு முதியோர் இல்லத்தின் புத்தகத்தோடு. ஏசி அறை, மணி அடித்தால் நர்ஸ், தோட்டம். "இங்க இருந்தா எனக்கும் நிம்மதிப்பா."

"இப்ப முடியாது. வியாழக்கிழமை கண்டக்டருக்குக் கண் ஆபரேஷன். கூட ஆள் வேணும்."

"அவருக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்க. போன்ல."

மகன் புத்தகத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம், நாளுக்கு நாலு வேளை கண்ணில் சொட்டுமருந்து விடவேண்டும். கண்டக்டருடைய அறையில் அழுக்குத் துணி மலைபோலக் கிடந்தது. அவர் மேல் பழைய வியர்வையும் புகையிலையும் கலந்த ஒரு வாடை. இமையோரத்தில் மஞ்சளாகப் பீளை கட்டி, ரெப்பை மயிர்களோடு ஒட்டிக் கிடந்தது. இவர் முகம் பழையபடி சுளித்தது. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினார். பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார்.

"மெதுவா சார்."

"தலையை ஆட்டாதய்யா. கண்ணைத் தொற."