மேட் பேப்பரில் காவியான ரோஸ்

வேலை நோட்டில் ஓர் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமைப் பதிவு: “காலை 9.20. மாரியம்மாள். ஆட்டுப் படம், ஏ4, மேட், இரண்டு பிரதி. சாஃப்ட் ப்ரூஃப் பார்க்கவில்லை.” கடைசி வாக்கியம் அன்று மதியம் சேர்த்தது.

கோவில்பட்டியில் போட்டோ பிரிண்ட் கடை வைத்திருந்தேன். எந்தப் பேப்பரில் அடிக்கிறோமோ அதன் நிற அமைப்பான ப்ரொஃபைலைப் போட்டு, நிறம் எப்படி விழும் என்று முன்கூட்டியே திரையில் பார்ப்பதுதான் சாஃப்ட் ப்ரூஃப். கல்யாண ஆல்பத்துக்குத் தவறாமல் பார்ப்பேன். ஆட்டுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மதியம் மாரியம்மாள் படத்தோடு திரும்பி வந்தார். கயத்தாறு பக்கம் ஆடு மேய்ப்பவர். அவருடைய ஏழு ஆடுகள் இன்னொருவர் மந்தையில் கலந்துவிட்டன. அந்த ஆள் தன்னுடையவை என்று முதுகில் புதுக் காவி பூசிவிட்டார். அடியில் மறைந்துபோன பழைய அடையாளக் குறிக்குச் சாட்சி, மாரியம்மாளின் மகள் முன்பே போனில் எடுத்திருந்த இந்தப் படம் மட்டும்தான்.

“அண்ணாச்சி, எங்க குறி ரோசு. நீங்க காவியா அடிச்சுக் குடுத்திருக்கிய. போலீஸ் ஸ்டேஷன்ல அந்த ஆளு சிரிக்காரு. நாலு மணிக்குள்ள சரியான படம் வரலைன்னா அவரு ஆட்டை ஓட்டிட்டுப் போகட்டும்னு எஸ்.ஐ. சொல்லிட்டாரு.”

திரையில் ரோஸ்தான். பளபளப்பில்லாத மேட் பேப்பரின் ப்ரொஃபைலைப் போட்டதும் செங்கல் நிறமாக மங்கியது. தவறு என்னுடையது. நிறத்தைக் கூட்டிச் சரிசெய்வது இரண்டு நிமிட வேலை. மவுஸைப் பிடித்த கை அப்படியே நின்றது. சாட்சிப் படத்தில் கைவைத்தால் பிறகு அது என்ன சாட்சி? பளபளப்பான கிளாஸி பேப்பரின் ப்ரொஃபைலைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் மங்கினாலும் ரோஸ், ரோஸாகவே இருந்தது. படத்தைத் தொடாமல் பேப்பரை மட்டும் மாற்றி அடித்தேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

ஸ்டேஷனில் எதிராளி, “காலையில காவி, சாயங்காலம் ரோசு. சாயம் போட்டது இந்தம்மாவா, நீரா?” என்றார்.

“நீரு சும்மா இரும்,” என்ற எஸ்.ஐ., “எது நெசம்னு காட்டுங்க,” என்றார் என்னிடம்.

வெளிச்சத்துக்காக வராந்தாவுக்கு வந்து, ஒரே ஃபைலை இரண்டு ப்ரொஃபைலிலும் காட்டினேன். இரண்டு பிரிண்டையும் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். எஸ்.ஐ. தானே கீயை அழுத்தி நாலு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“பேப்பர்தான் மாறுது, படம் மாறலை,” என்றவர் எதிராளியிடம் திரும்பினார். “உம்மகிட்ட பழைய படம் இருக்கா?”

அவரிடம் இல்லை. ஆடுகள் மாரியம்மாளோடு போயின.

அன்றிலிருந்து என்ன படமானாலும், எந்தப் பேப்பர் என்று கேட்டு, சாஃப்ட் ப்ரூஃப் பார்த்த பிறகே அடித்தேன். ஆனால் சில போன்கள் காவிச் சிவப்பைக்கூட ரோஸாகத் தூக்கிக் காட்டும். மகளுடைய போன் எந்த ரகம் என்று நான் சோதிக்கவில்லை. ஆடுகளின் பழைய குறியை நேரில் பார்த்ததும் இல்லை. அது ரோஸ்தானா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.