சி.ஐ.டி. அக்கா வக்கீல் தேடினார்

வக்கீலின் அறைக்குள் போய்வருகிறவர்களின் முகத்தையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் சிரித்துக்கொண்டு வெளியே வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தார். "கேஸ்ல மாட்டினவன் எதுக்குச் சிரிக்கிறான்? உள்ள என்னமோ கதை விட்டிருக்காங்க."

தெருவில் அவரை சி.ஐ.டி. அக்கா என்பார்கள். சலவைக்கடை நடத்துகிறார். மளிகைக் கடைக்காரரின் விரல் தராசைத் தொடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒரு டாக்டர் எழுதிய மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குவார். துவைத்த துணியை வாங்கத் தாமதமாக வந்தவர் "ஊர்ல இல்லக்கா" என்றால், "எந்த ஊர்ல?" என்பார். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டேன் என்றாலும் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார். அந்த மனிதரும் பழகிப்போய்விட்டார்.

இப்போது அக்காவின் தம்பி ஜெயிலில் இருக்கிறான். சரக்குக் கிடங்கில் லாரி ஓட்டுகிறவன். கூட வேலை செய்தவரின் மண்டையை இரும்புக் கம்பியால் உடைத்துவிட்டான் என்று வழக்கு. அடிபட்டவர் இன்னும் கண் விழிக்கவில்லை. அடிதடி நடந்த அந்த மத்தியானம் தம்பி தங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று போலீசிடமும் சொன்னார், விசாரித்த எல்லோரிடமும் சொன்னார் அக்கா. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்.

முதலில் பார்த்த வக்கீல், "தைரியமா போங்கம்மா. தம்பி வந்துட்டார்னே வெச்சுக்குங்க" என்றார். வாசலுக்கு வந்ததும் அக்கா, "என்ன கேஸுன்னே கேக்கல. வாய்ப்பந்தல் போடுறான்" என்றார். இரண்டாமவர், நீதிபதி தனக்கு வேண்டியவர் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நம்மகிட்ட இப்படிச் சொல்றவன் எதிராளிகிட்ட என்ன சொல்வானோ" என்று அவரையும் கழித்துவிட்டார்.

அவர்கள் முறை வந்தது. இந்த மூன்றாவது வக்கீல் ஒரு பெண். எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். தேறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தம்பிக்கு நீங்கதான் சாப்பாடு போட்டீங்களா?"

"அவனே போட்டுச் சாப்பிடுவான். நான் கடையில இருந்தேன்."

"வீட்டுல வேற யாரு இருந்தா?"

"யாருமில்ல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"அவன் சொன்னான்."

"நீங்க நம்பிட்டீங்க."

அக்காவைப் பார்த்து இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. முகம் கறுத்துவிட்டது. "எங்க பக்கம் பேசுவீங்கன்னு வந்தா, போலீசு மாதிரி குடையறீங்களே."

"கோர்ட்ல இதைவிடக் குடைவாங்க. உங்க தம்பி அடிச்சிருந்தாலும் அவருக்காக நான் நிப்பேன். ஆனா பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ல உங்களைக் கூண்டுல ஏத்தமாட்டேன். பிடிக்கலைன்னா வேற ஆளைப் பாருங்க."

வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "வா, போகலாம். இவங்களே ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க போல."

அக்கா அசையவில்லை. வக்கீலின் முகத்தில் எதையோ தேடுகிறவர் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலும் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

"இந்த அம்மாவே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

வீட்டுக்காரர் போனதும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கைக்குட்டையைக்கூடத் தானா துவைச்சுக்க மாட்டான்மா அவன். எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டுப் போயிடுவான். அன்னைக்கு நான் வீட்டுக்கு வந்தப்ப, அவன் சட்டை கொடியில ஈரமா தொங்கிட்டிருந்துச்சு."

"கறை இருந்துச்சா?"

அக்கா வலதுகை விரலால் தன் இடது மணிக்கட்டைச் சுற்றி, முழுக்கைச் சட்டையின் கை முடிகிற இடத்தில், மெதுவாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.