கல்யாணக் காருக்குப் போட்ட அகலக் குழாய்

எங்கள் வீட்டு வெள்ளைக் காருக்கு அப்பாவின் வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, ஓய்வு பெற்ற கையோடு அதை வாங்கினார். அன்றிலிருந்து கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து மணப்பெண்கள் மாதா கோயிலுக்குப் போவது அந்தக் காரில்தான்.

அதன் எஞ்சினை வலுவாக்கித் தருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். அதற்கு மேல் இயந்திரப் பொறியியலில் டிப்ளோமாவும் எடுத்திருந்தேன். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மேடு வரும்போதெல்லாம் கார் இரைப்பதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கும். படித்த பெண் இருக்கிற வீட்டுக் காரா இது என்று யாராவது கேட்டுவிடுவார்கள் போல.

"எதிர்வீட்டுப் பிள்ளைட கல்யாணம் முடியட்டும் மகள்," என்றார் அப்பா. "அண்டைக்கு கார் இல்லாட்டி நான் அவங்கட முகத்தில முழிக்க ஏலாது."

"அதுக்கு இன்னும் மூண்டு கிழமை இருக்கு. நான் கணக்குப் பாத்துத்தான் சொல்றன் அப்பா."

கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார். அந்தச் சொல்லோடு அவர் வாதாட மாட்டார் என்று தெரிந்தே நான் அதைச் சொன்னேன்.

முதல் நாளே எரிச்சல் தொடங்கியது. என்னிடம் இருந்தது மில்லிமீற்றர் ஸ்பானர் செட். இங்கிலாந்தில் செய்த அந்தக் காரின் நட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு. ஒன்று வழுக்கும், அடுத்தது நுழையாது. இரண்டு நட்டின் மூலைகளை மழுங்கடித்த பிறகுதான் அப்பாவின் பழைய அங்குல ஸ்பானர் பெட்டியைத் திறந்தேன். எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றிக் குசினியில் அம்மா சமைக்கும் மேசையில் வைத்து, அதன் துவாரங்களை அராவிப் பெரிதாக்கினேன். இரவு சம்பலில் இரும்புத் தூள் பல்லில் கடிபட்டது. அம்மா தட்டோடு எழுந்து வாசற்படிக்குப் போய்விட்டார்.

இரட்டைக் காபரேட்டரும் அகலமான புகைக் குழாயும் தேடி, கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒன்பது கடை ஏறினேன். ஒன்பதாவது கடைக்காரர் என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாப்பாவை ஒருக்கா வரச் சொல்லுங்க தங்கச்சி. அவருக்கு விளங்கப்படுத்துறன்."

"அப்பா வந்தாலும் நான்தான் அவருக்கு விளங்கப்படுத்தணும். நீங்க சாமானை எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். குழாயின் வளைவு பொருந்தவில்லை. வெட்டி, ஒட்டி, மழைக்குள் தார்ப்பாய் பிடித்து, மறுபடி வெட்டி, கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் பூட்டி முடித்தேன்.

அந்த வியாழக்கிழமை காலை கடற்கரை வீதியால் வெள்ளவத்தை வரை ஓட்டிப்போனேன். கார் பறந்தது. சத்தம் கேட்டு ஓட்டோக்காரர்கள் ஒதுங்கினார்கள். அரை மணித்தியாலம் நான் பட்ட பெருமைக்கு அளவில்லை.

திரும்பி வந்து வீட்டு வாசல் ஒழுங்கையில் நிறுத்தியதும் அம்மா கேட்டார்: "பேண்ட்டுக்குப் பின்னால போகுமா?"

எங்கள் பக்கத்தில் பெண்ணின் வீட்டிலிருந்து கோயில் வரை பேண்ட்காரர் வாசித்துக்கொண்டு நடப்பார்கள். கார் அவர்களுக்குப் பின்னால் அதே நடையில் வர வேண்டும். சிறுவயதிலிருந்து பார்த்த காட்சி. என் கணக்கில் அது எங்கேயும் இருக்கவில்லை.

"ஏன் போகாது?" என்றேன்.

அம்மா விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பேண்ட் மாஸ்டர் மாதிரி முன்னால் நடந்தார். நான் முதல் கியரில் பின்னால் ஊர்ந்தேன். பத்து அடி போகவில்லை. கார் குலுங்கியது, இருமியது, 'டமார்' என்று வெடித்து நின்றது. மாடியில் துணி காயப்போட்ட பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"விக்கல் எடுக்குது மகள்," என்றார் அம்மா. "தண்ணி குடு."

மூன்று தரம் முயன்றேன். மூன்று தரமும் நின்றது. வேகமாக ஓடும்போது அகலக் குழாயில் புகை தடையில்லாமல் பாயும். மெதுவாக ஓடினால் அதே அகலத்தில் சோம்பி நிற்கும், எஞ்சின் மூச்சுத் திணறும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்ஸ் வாங்கியவள் நான். நடக்கிற காரை ஓடுகிற கார் ஆக்கியிருந்தேன்.

அப்பா கதவருகில் நின்றார். பிறகு பொனட் துடைக்கும் துணியைத் தேடி உள்ளே போனார். ஏசியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

பழைய இரும்புக்காரருக்கென்று பின்பக்கம் போட்டிருந்த பழைய குழாயும் காபரேட்டரும் அப்படியே கிடந்தன. அந்தக் கிழமை அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கக் காரின் அடியில் கிடந்து, நான் பூட்டியதையெல்லாம் நானே கழற்றி, பழையதைத் திரும்பப் பூட்டினேன். விரல் மொளியில் இரண்டு இடத்தில் தோல் உரிந்தது. கண்ணில் துரு விழுந்தது. அப்பாவோ வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைத் தாண்டித் தாண்டி பொனட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப மினுக்கத்தான் வேணுமா?"

"நாளைக்குக் கல்யாணம்தானே."

சனிக்கிழமை கார் பேண்ட்டுக்குப் பின்னால் ஒரு குலுக்கலும் இல்லாமல் ஊர்ந்து போனது. அப்பா ஓட்டினார். நான் ஓரமாக நடந்தேன், நின்றால் தள்ளுவதற்கு. நிற்கவில்லை. கோயில் வாசலில் மணப்பெண் இறங்கியதும், மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் காரைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லா வச்சிருக்கிறீங்க."

"எஞ்சின் வேலையெல்லாம் என்ட மகள்தான்," என்றார் அப்பா, அங்கிருந்த எல்லாருக்கும் கேட்க.

நான் அவர் காதருகே குனிந்தேன். "அப்பா, அது பழைய பைப்."

"எனக்குத் தெரியாதா? பூட்டினது ஆர்?"

அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். "என்ட பழைய கார் ஒண்டும் நிக்குது மகள். எஞ்சினை ஒருக்கா வலுவாக்கித் தருவீங்களா?"

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. உரிந்த விரல் எரிந்தது.

"அது எங்க ஓடுற கார்?" என்று கேட்டேன். "எவ்வளவு மெதுவா போகணும்?"

அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.